சுட்டிக்காட்ட ஒரு நாகம்: பல மொழி மக்கள் கூடும் பொதுக் கட்டடங்கள்

(சிங்கப்பூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகள் கட்டடக்கலை கற்பித்தவள் நான். அத்தனையும் ஆங்கிலத்தில். அதே பொருளைத் தமிழில் பேச எனக்குக் கிடைத்த முதல் மேடை இது. குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது தாளின் தலையில் ‘வழிகாட்டல்’ என்று எழுதினேன். சற்று நேரம் கழித்து அதை அடித்துவிட்டு ‘வழி கேட்டல்’ என்று எழுதினேன். இன்று நான் சொல்ல வந்தது அந்த ஒரு திருத்தத்தில் இருக்கிறது.

நான் வளர்ந்தது தோ பாயோவில். அங்கே லோரோங் 6-இல் ஒரு விளையாட்டுத் திடல் இருக்கிறது. மணலுக்கு நடுவே பளிங்குச் சில்லுகள் பதித்த பெரிய தலை. அதன் பின்னே வளையம் வளையமாக உடல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) பணியாற்றிய கோர் இயன் கீ 1979-இல் வடிவமைத்தது. இன்று படமெடுத்துக்கொள்ள வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அந்நாளில் எங்கள் அம்மாவுக்கு அது ஊரின் நடுக்கல் மாதிரி. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. வீட்டுக்கு வருபவர்களுக்கு, “நாகத்தைத் தாண்டி இரண்டாவது புளோக்” என்று வழி சொல்வார். அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் (மலாயில் அத்தை) அதை ‘நாகா’ என்றுதான் சொல்வார். மலாயில் டிராகனுக்கு அதுதான் பெயர், நம் நாகத்தின் உறவுச் சொல். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வேறு சொல் சொல்வார், ஆனால் கை நீளும் திசை ஒன்றுதான். மூன்று பேருக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்த ஒரு பலகைகூட அந்தப் பேட்டையில் இருந்ததில்லை. ஆனாலும் ஒருவருக்கொருவர் தப்பில்லாமல் வழி சொன்னார்கள்.

பல இனத்தவர் வந்து போகும் பொதுக் கட்டடம் எப்போது எளிதாகிறது? அங்கு வரும் எல்லாருக்கும் சுட்டிக்காட்டப் பொதுவான பொருள் ஒன்று இருக்கும்போது. பலகைகளின் எண்ணிக்கையும் அவற்றிலுள்ள மொழிகளின் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு வரவேண்டிய கவலைகள். நம் இலக்கணத்தில் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்கிறோம். அங்கே, இங்கே என்று சொல்ல வேண்டுமானால் விரலுக்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டும். அந்த ‘ஏதாவது’ இல்லாத கட்டடங்களைத்தான் நாம் இப்போது நிறையக் கட்டுகிறோம் என்பது என் மனக்குறை.

1. கேட்டுப் போவது இயல்பு

நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960-இல் வெளியிட்ட நூல் எங்கள் துறையில் இன்றும் முதல் பாடம். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களிடம் பேசி, அவர்கள் மனத்தில் நகரம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்தார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளப்பொருள் என ஐந்தாக அதைப் பிரித்தார். அந்த ஐந்தும் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் லிஞ்ச் வரைந்த மனிதர் தனி ஆள். தன் மனத்திலுள்ள படத்தை வைத்துக்கொண்டு தானே நடக்கிறார்.

நம் ஊரில் பாருங்கள். முதியவர் ஒருவர் மகளோடு வருவார். மகள் காரை நிறுத்தப் போய்விட்டால், அங்கே கூட்டிக்கொண்டிருக்கும் துப்புரவாளரிடம் கேட்பார். அந்தத் துப்புரவாளர் வங்காளதேசத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். கேட்டவர் சீன வட்டார மொழியான ஹொக்கியன் மட்டும் பேசுபவராக இருக்கலாம். இந்த இருவரும் பேசிக்கொள்ளும் அரை நிமிடத்தில்தான் அந்தக் கட்டடத்தின் தேர்வு நடக்கிறது. “அந்தப் பெரிய மரம்”, “அந்தச் சிவப்புப் படி” என்று கைகாட்ட முடிந்தால் தேறியது. “நேரே போய் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு இன்னொரு இடப்பக்கம்” என்று சொல்ல வேண்டி வந்தால், அதைச் சொல்லும் மொழி இருவருக்குமே இல்லை.

சிங்கப்பூரில் இதற்குத் தனி அழுத்தம் உண்டு. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் எந்த வீவக பேட்டையும் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. ஆகவே எந்தப் பேட்டையில் சமூக மன்றம் கட்டினாலும், நூலகம் திறந்தாலும், எல்லா மொழிக்காரர்களும் அங்கே வருவார்கள். இந்தச் சீனர் பகுதிக்கு ஒரு மாதிரி, அந்த இந்தியர் பகுதிக்கு ஒரு மாதிரி என்று நாம் வரைய முடியாது, வரையவும் கூடாது.

2. வாயில் நிற்கும் பெயர்

கட்டடத்துக்குள் நுழையும் முன்பே வழி தொடங்கிவிடுகிறது, பெயரில். தேக்கா என்ற சந்தைப் பகுதியின் கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த இடத்தை மலாயில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றார்கள். ஹொக்கியன் பேசியவர்கள் தெக் கா, மூங்கிலடி, என்றார்கள். அந்தச் சீனப் பெயரை நாம் வாங்கித் தேக்கா ஆக்கிக்கொண்டோம். தமிழ்க் குடும்பங்களில் “தேக்காவுக்குப் போய் வருகிறேன்” என்று சொல்லும்போது அது வேற்றுமொழிச் சொல் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. தேக்கு மரத்திலிருந்து வந்த பெயர் என்று என் பாட்டி உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய சந்தை இடிக்கப்பட்டு, 1982-இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதிய கட்டடம் எழுந்தது. அதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். அதே மூங்கிலடிதான், அதே சீன எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் மாண்டரின். காகிதத்தில் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. ஆனால் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அது வாயில் நுழையவில்லை. ஹொக்கியன் பேசியே பழகிய சீன முதியவர்களுக்கும் அது அந்நியமாகத்தான் ஒலித்தது. 2000-இல் தேக்கா நிலையம் என்ற பெயர் திரும்ப வந்தது.

இந்தப் பதினெட்டு ஆண்டுகளை நான் ஒவ்வோராண்டும் மாணவர்களுக்குப் பாடமாக வைத்தேன். எல்லா இனத்தாரும் தத்தம் நாக்கில் தேய்த்து வழவழப்பாக்கிய ஒரு பெயர் மொழிபெயர்ப்பு இல்லாமலேயே வேலை செய்கிறது. தோ பாயோவும் அப்படித்தான்: ஹொக்கியனின் ‘பெரிய’வும் மலாயின் ‘சதுப்பு நில’மும் ஒட்டிக்கொண்ட பெயர். அத்தகைய பெயர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் புதிதாகக் கட்டுபவர்கள் அதைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

3. போக வேண்டிய இடம் கண்ணில் படட்டும்

இன்றைய உரையில் நான் அதிகம் நிற்க விரும்புவது இங்கேதான். ஏனென்றால் இது வரைபட மேசையில் தீர்மானமாகிறது. பிறகு திருத்துவது கடினம்.

லாவ் பா சாட் சந்தையை எடுத்துக்கொள்வோம். 1894-இல் எழுந்த, எட்டுப் பட்டை கொண்ட, வார்ப்பிரும்புத் தூண்கள் நிறைந்த கட்டடம். 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம். அதன் அழகில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதன் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எட்டுப் பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் வந்த வாசல் எது என்று தெரிய வெளியே தெரியும் சாலையையோ கடையின் பெயரையோ தேட வேண்டும். ஒரே அளவான சமச்சீர், படத்தில் அழகு. நடப்பவருக்குத் திசை மயக்கம். நம் பெரிய கோயில்களிலும் நான்கு பக்கமும் கோபுரம் உண்டு. ஆனால் ராஜகோபுரம் ஒன்று உயர்ந்து நிற்கும், அல்லது ஒரு பக்கம் குளம் இருக்கும், ஒரு பக்கம் தேரடி இருக்கும். சமச்சீரை உடைக்க நம் முன்னோர் தயங்கவில்லை.

அடுத்து, உட்லண்ட்ஸ் பக்கத்திலுள்ள கம்போங் அட்மிரல்டி. வோஹா நிறுவனம் வடிவமைத்தது. 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. நிலம் 0.9 ஹெக்டேர் மட்டுமே; 45 மீட்டருக்கு மேல் உயர முடியாது என்ற கட்டுப்பாடு வேறு. அதற்குள் முதியோருக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நடுவம், மேலே பூங்கா. அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். விருது வாங்கிய கட்டடம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வந்தால் முதலில் கால் படுவது சுவரில்லாத ஒரு முற்றம். மழைக்கு மேலே கூரை, காற்றுக்கு நான்கு பக்கமும் வழி. அந்த முற்றத்தில் நின்று அண்ணாந்தால் உணவங்காடிக்குப் போகும் மின்படிகள் தெரிகின்றன. பசிக்கிறவருக்கு யாரையும் கேட்க வேண்டிய தேவை இல்லை. கேட்டாலும், கேட்கப்பட்டவர் வாய் திறக்க வேண்டியதில்லை.

அந்த முற்றம் நமக்குப் புதிதன்று. வீவக புளோக்குகளின் கீழ்த்தளம்தான் பெரிதாகி அங்கே வந்திருக்கிறது. ஒரு வாரம் மலாய்த் திருமணம், அடுத்த வாரம் சீன ஈமச்சடங்கு, மாலையில் சதுரங்கம். கீழ்த்தளத்தில் சுவர் இல்லாததால் உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நுழையலாமா கூடாதா என்ற தயக்கம் வராது. வேற்றுப் பண்பாட்டுக்காரருக்கு ஒரு கட்டடத்தில் வழி தெரியாமல் போவதற்கு முன்பே இந்தத் தயக்கம் வந்து நிற்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்பதன அறை, அதற்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின் சீருடை. என் அம்மா அப்படிப்பட்ட கதவுகளுக்கு வெளியே நின்று, யாராவது தமிழ் முகம் உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நுழைவார்.

நம் தெம்பனிஸ் நடுவம் 2017-இல் திறக்கப்பட்டது. கம்போங் அட்மிரல்டியைவிடப் பலமடங்கு பெரியது, பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கம் இருந்த இடம். நூலகம், நீச்சல் குளங்கள், உணவங்காடி, கடைகள், பல அரசு அமைப்புகளின் சேவைகளை ஒரே இடத்தில் தரும் பொதுச் சேவை நிலையம். இவ்வளவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் தொலைந்துபோகாமல் இருப்பது எப்படி? அங்கே நடுவில் திறந்த பந்தாட்டத் திடலும் 5,000 இருக்கைகளும் இருக்கின்றன. என் கணிப்பில் அந்தத் திடல்தான் கட்டடத்தைக் காப்பாற்றுகிறது. எந்த மாடியில் நின்றாலும் பச்சைத் தரை கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிட்டால், தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். திடலை விட்டு விலகி உட்புற நடைவழிகளுக்குள் போகும்போது எனக்கே திசை குழம்பியதுண்டு. அங்கு எத்தனை அம்புக்குறி வைத்தாலும் அந்தப் பச்சைக்கு ஈடாகாது.

4. எண்கள்

எண் எல்லா மொழிக்கும் பொது என்று நினைக்கிறோம். பெருவிரைவு ரயிலில் அது நன்றாகவே பலித்திருக்கிறது. தோ பாயோ என்எஸ் 19, அட்மிரல்டி என்எஸ் 10. பெயரை உச்சரிக்கத் தெரியாதவரும் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து இறங்கிவிடலாம். புளோக்குகளின் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் எழுதிய எண்களும் அப்படியே.

மாடி எண் மட்டும் வேறு கதை. சென்னையிலிருந்து வந்த என் அத்தைக்கு மருத்துவச் சீட்டில் 02 என்று தொடங்கும் அறை எண் கொடுத்திருந்தார்கள். அங்கே தரைத்தளம், அதற்கு மேல் முதல் மாடி, அதற்கும் மேல் இரண்டாம் மாடி. இங்கே தரையே முதல் தளம். அத்தை இரண்டு மாடி ஏறிவிட்டு, கிடைக்காத கதவைத் தேடி அரை மணி நேரம் அலைந்தார். அதோடு, சீனருக்கு நான்கு சாவை நினைவூட்டும் ஒலி, எட்டு செழிப்பின் ஒலி. நம்மில் எண் சோதிடம் பார்ப்பவர்களுக்கு எட்டு என்றால் சனி. யாருக்கு ஒத்துப்போவது? யாருக்கும் இல்லை. வீவக எந்த மாடி எண்ணையும் விடாமல் வரிசையாகப் போடுகிறது. நான்காம் மாடியும் உண்டு, பதினான்காம் மாடியும் உண்டு. அதுதான் சரி. ஒருவரின் நம்பிக்கைக்காக ஓர் எண்ணைத் தாண்டினால் மற்ற எல்லாருக்கும் கணக்குத் தப்பும்.

5. படங்கள்

மெக்சிகோ நகரின் சுரங்க ரயில் 1969-இல் ஓடத் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பயணிகள் ஏராளம் என்பதால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னம் கொடுத்தார்கள். வரைகலைஞர் லான்ஸ் வைமனின் பணி அது. சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி, ஏனென்றால் நாவா மொழியில் அந்தப் பெயரே வெட்டுக்கிளிக் குன்று. படம் அந்த மண்ணின் கதையிலிருந்து வந்தது. வெட்டுக்கிளியில் இறங்கு என்று ஒரு பாட்டி பேரனிடம் சொல்லலாம்.

கட்டடங்களில் நாம் ஒட்டும் படங்களோ பெரும்பாலும் எங்கோ வரைந்து எல்லா ஊருக்கும் அனுப்பியவை. காற்சட்டை போட்டவர் ஆண், பாவாடை போட்டவர் பெண் என்கிறது கழிப்பறைச் சின்னம். கைலியோடும் வேட்டியோடும் வாழ்ந்த ஆண்களும், காற்சட்டை அணியும் பெண்களும் நிறைந்த ஊர் இது. பழகிவிட்டோம், அவ்வளவுதான். படிக்கட்டு, கழிப்பறை, தொலைபேசி இவற்றை வரையலாம். மத்திய சேமநிதியை எப்படி வரைவது? திருமணப் பதிவை? அரசு சேவைகளில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றுக்குச் சின்னம் வரைய முயல்வதைக் காட்டிலும், அந்த முகப்பு இருக்கும் மூலைக்கு மறக்க முடியாத ஒரு பொருளைத் தருவது நல்லது. நினைவாற்றல் குறைந்த முதியோருக்காகச் சில பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் பழைய காலப் பொருள்களைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். முதியோருக்கு உதவுவது, மொழி தெரியாதவருக்கும் அப்படியே உதவுகிறது.

உணவங்காடிகளில் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு. அது சமயம் சார்ந்த ஏற்பாடு; வழி சார்ந்ததும்கூட. எந்தத் தட்டை எங்கே கொண்டுபோவது என்பதை நிறத்தாலும் இடத்தாலும் பிரித்துவிட்டால், ஒருவரின் நோன்பும் ஒழுக்கமும் இன்னொருவரின் கவனக்குறைவால் கெடுவதில்லை. பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விட்டால் கட்டாயம் கெடும்.

6. அப்படியானால் தமிழ் எதற்கு?

இந்த அவையில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. வழி கண்டுபிடிக்கப் பலகை இரண்டாம் பட்சம் என்று சொல்கிறாயே, பலகையில் தமிழ் வேண்டாம் என்கிறாயா?

வேண்டும். அதிகமாகவே வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. இந்த எண்ணை வைத்து, தமிழ்ப் பலகையை யார் படிக்கப் போகிறார்கள் என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் கணக்கு அது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும் ஊழியர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கட்டடத்தைக் கட்டியவரே ஞாயிற்றுக்கிழமை அங்கு உட்கார வரும்போது, “நுழையாதே” என்ற பலகையில் மட்டும் தம் மொழியைப் பார்த்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? தடையைத் தமிழில் சொல்லத் தெரிந்த கட்டடம் நல்வரவையும் தமிழில் சொல்ல வேண்டும்.

என் அம்மா உள்ளே நுழைவதற்குத் தேடிய தமிழ் முகத்தின் வேலையை, வாசலில் நிற்கும் ஒரு தமிழ் வரி செய்யும். உனக்கும் இங்கே இடம் உண்டு என்று அது சொல்கிறது. அந்த வேலைக்கு அது பிழையில்லாமல் இருக்க வேண்டும். 2014-இல் ஒரு வழிகாட்டிப் பலகையில் லாவ் பா சாட் என்பது ‘லாவ் பா சனி’ என்று வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ‘சாட்’டைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாகக் கொண்ட மொழிபெயர்ப்பு. பலகை பிறகு திருத்தப்பட்டது. ஆனால் அதைப் பார்த்த தமிழருக்குச் சந்தைக்குப் போகும் வழி தவறவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்துப் போயிருப்பார்கள். காயப்பட்டது வேறு. நம்மில் ஒருவரிடம்கூட ஒரு தடவை காட்டிக் கேட்கவில்லையே என்ற வருத்தம் அது.

எழுத்தின் அளவைப் பற்றியும் ஒரு சொல். சீனத்தில் சில எழுத்துகளில் முடிவது தமிழில் இரண்டு நீண்ட சொற்களாகும். பலதுறை மருந்தகம் என்று எழுதிப் பாருங்கள். நான்கு மொழிக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்கினால் தமிழ்தான் சிறுக்கும். நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே கொக்கியும் இருப்பதால், சிறுத்ததும் தூரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடாகிவிடும். கட்டத்தை மொழிக்கேற்ப வெட்ட வேண்டும்; மொழியைக் கட்டத்துக்கேற்ப நசுக்கக் கூடாது.

7. அச்சுக்கு முன் ஒரு நடை

கடைசியாக, செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். நம் தெம்பனிஸ் நடுவத்துக்காகக் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அது நல்ல வழக்கம். பொதுவாக இத்தகைய கலந்தாய்வுகளில் என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்கிறோம்: நீச்சல் குளமா, சமையல் கூடமா, கூடுதல் நாற்காலியா. இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்.

வரைபடம் முடிந்து, கட்டுமானம் தொடங்கும் முன், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டோ அட்டையில் மாதிரி செய்தோ, பேட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்து வாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி, ஹொக்கியன் மட்டும் பேசும் ஒரு தாத்தா, மலாய்க்கார மக்சிக், நேற்று வந்த ஒரு கட்டுமான ஊழியர், சக்கர நாற்காலியில் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒன்று. மாதிரியில் ஒரு பலகையும் இருக்கக் கூடாது. அவர்களை உள்ளே நடக்கவிட்டு, வெளியே வந்ததும் தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கேளுங்கள்: “உங்கள் பேரன் பள்ளி விட்டு இங்கே வருகிறான். எங்கே வந்து நிற்கச் சொல்வீர்கள்?”

பதில்களை ஒரு தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்தால் கட்டத் தொடங்கலாம். சிதறிக் கிடந்தால், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் வரைபடத்தை ஒருமுறை திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.